இருமுகிறவர்களுக்கு மட்டும் பிரியாணி

"அண்ணே, நம்ம மில்லுல சிலிக்கா இருக்கா?" என்று முதலாளி மதன்குமார் போனில் கேட்டார்.

மேஸ்திரி ஆவுடையப்பன் கொஞ்சம் யோசித்தார். "அப்படிப் பேருல யாரும் இல்லையே மொதலாளி. சில்வியான்னு ஒரு பிள்ளை போன வருசம் வேலை பாத்துச்சு. கலியாணம் முடிச்சு கொடைரோட்டுக்குப் போயிருச்சு."

"ஆளு இல்லண்ணே! சிலிக்கா, சிலிக்கா. கவர்மெண்டுலருந்து லெட்டர் வந்துருக்கு. முழுக்க இங்கிலீசு. வியாழக்கிழமை ஆபீசர் வாராராம். நம்ம மில்லுல சிலிக்கா எம்புட்டு இருக்குன்னு பாக்கணுமாம். எனக்குப் புரிஞ்சது அம்புட்டுதான்."

"அதை வச்சிருந்தா தப்புங்களா மொதலாளி?"

"தெரியலையே! தப்பு இல்லைன்னா எதுக்கு ஆபீசர் வாராரு? இன்னும் மூணு நாளு இருக்கு. என்ன எழவுன்னு விசாரிச்சு வைங்க. முழிச்சோம்னா மில்லுக்குப் பூட்டுதான்."

திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் போகிற சாலையில், ஒரு பர்லாங் உள்ளே தள்ளி இருந்தது அந்த வெள்ளைக்கல் மில். லாரியில் வந்து இறங்கும் கல்லை ஒரு மெஷின் உடைக்கும். இன்னொரு மெஷின் மாவாக அரைக்கும். சலித்து மூட்டை பிடித்து அனுப்புவார்கள். வாசலில் நின்ற வேப்பமரம் பச்சை நிறத்தில் இருந்ததைப் பார்த்த ஆள் ஊரில் கிடையாது. மில்லில் வேலை பார்த்த இருபத்திரண்டு பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒரே வயசுக்காரர்கள் மாதிரி நரைத்துப்போய்ப் போவார்கள். அங்கே ஆவுடையப்பன் மேஸ்திரியாகிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் மகள் சத்யபிரியாவிடம் கேட்டார். அவள் திண்டுக்கல்லில் கெமிஸ்ட்ரி படிக்கிறவள். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பாடப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

"அப்பா, பத்தொம்பது வருசமா எதை அரைச்சுக்கிட்டு இருக்கீங்களோ, அதுக்குப் பேருதான் சிலிக்கா!"

"வெள்ளைக்கல்லா?"

"வெள்ளைக்கல்லு, ஆத்து மணலு, எல்லாமே அதுதான். இந்த ஜன்னல் கண்ணாடி மணலை உருக்கிச் செஞ்சது. பல் விளக்குற பேஸ்ட்டுல அது இருக்கு. அம்மா போடுற கோலமாவு, பாத்திரம் தேய்க்கிற பவுடர், உங்க கைக்கடிகாரத்துக்குள்ள ஓடுற கல்லு, நெல்லு உமி... புதுச் செருப்பு டப்பாவுல ஒரு குட்டிப் பொட்டலம் போட்டு, தின்னாதீங்கன்னு எழுதியிருப்பாங்களே, அதுவும் இதுதான்."

ஆவுடையப்பன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல், வாசல் கோலம், குளியலறை மாடத்தில் இருந்த பேஸ்ட். உலகத்தில் பாதி தன் கைவழியாகத்தான் போயிருக்கிறது என்று தோன்றி, நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது.

சத்யபிரியா புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"என்ன ஆத்தா, நிறுத்திட்டே?"

"ஒண்ணுமில்லப்பா."

"சும்மா சொல்லு."

"தூசியா மூச்சுல போனா நெஞ்சுல ஒட்டிக்கிருமாம். போனது வெளிய வராதாம். இருமலா இருக்குமாம், ஆளு மெலிஞ்சுக்கிட்டே வருவாங்களாம். டிபின்னு நினைச்சு மாத்திரை குடுப்பாங்களாம். கேக்காதாம்."

ஆவுடையப்பனுக்குப் பெருமாள்சாமியின் ஞாபகம் வந்தது. மெஷினில் கல் போட்டுக்கொண்டிருந்தவன். ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். போன ஆடியில் செத்துப்போனான். ஊரில் சும்மா திரிந்தவனைக் கூட்டிவந்து மில்லில் சேர்த்துவிட்டது ஆவுடையப்பன்தான். செத்த பதினாறாம் நாள், அவன் பார்த்த வேலையை அவன் பெண்டாட்டி வீரலட்சுமிக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதைப் பெரிய உபகாரம் என்று ஊரே சொன்னது.

அவருக்குத் தொண்டை கமறியது. செருமப் போனவர், மகள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டார். பீடியை விட்டு அஞ்சு வருஷம் ஆகியும் இருமல் ஏன் விடவில்லை என்று அவர் இதுவரை யோசித்ததில்லை.

மறுநாள் காலையில் முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, அப்ப ஆபீசர் தூசியத்தான் பாக்க வாராரு!"

"அப்படித்தான் தெரியுது மொதலாளி."

"ஒரு சிட்டிகை பறக்கக்கூடாது. எல்லாரு மூஞ்சிலயும் முகமூடி இருக்கணும். சிலிக்கான்னா என்னன்னு கேட்டா ஆளுக சொல்லணும். முக்கியமா, இருமுற பய ஒருத்தனும் அன்னைக்கு மில்லுல இருக்கக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. முதலில் பாடம் நடத்தினார். ஆட்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, மகள் சொன்னதில் முதல் பக்கத்தை மட்டும் சொன்னார்.

"நாம அரைக்கிறது சாதாரணக் கல்லு இல்ல. சிலிக்கா. கண்ணாடியில இருக்கு, கடிகாரத்துல இருக்கு, பேஸ்ட்டுல இருக்கு. ஆபீசர் கேட்டா இதைத்தான் சொல்லணும்."

கூட்டத்தில் வீரலட்சுமி எழுந்தாள். "பல்லுக்குப் போனா சரிண்ணே. நெஞ்சுக்குப் போனா?"

"அதெல்லாம் ஆபீசர் கேக்க மாட்டாரு. உக்காரு."

"நான் கேக்குறேன்ல."

ஆவுடையப்பன் அவசர அவசரமாகக் கூட்டத்தைக் கலைத்தார்.

பாடத்தின் பலன் அன்று சாயங்காலமே தெரிந்தது. மூட்டை தூக்கும் சின்னக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றான். உதடு போண்டா மாதிரி வீங்கியிருந்தது.

"என்னலே ஆச்சு?"

"பேஸ்ட்டுல இருக்கறது நம்ம மாவுதான்னு நீங்கதானண்ணே சொன்னீக. ஓசியில கெடக்குறதை எதுக்கு விடணும்னு ஒரு கை அள்ளி விளக்குனேன். ஈறு பூராவும் ரத்தம்ணே."

அடுத்தது முகமூடி. கடையில் வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை. ஆவுடையப்பனின் சகலை சின்னாளபட்டியில் சேலை வியாபாரம் செய்கிறவர். அவரிடம் சுங்குடிச் சேலையில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு பை கிடைத்தன. சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் புள்ளி வைத்த துணிகள். இருபத்திரண்டு பேரும் அதை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றபோது, பேங்கைக் கொள்ளையடிக்கப் புறப்பட்ட கூட்டம் கலியாண வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. துணியில் கஞ்சி மொடமொடப்பு போகவில்லை. அதன் வாடை மூக்கில் ஏறி, இதுவரை இருமாதவர்களும் இருமத் தொடங்கினார்கள்.

சரி, தூசியே பறக்காமல் செய்துவிட்டால் போச்சு என்று புதன்கிழமை காலையில் இரண்டு ஹோஸ் போட்டு மில் முழுக்கத் தண்ணீர் அடித்தார். தூசி அடங்கியது. தரை தோசைமாவாகிவிட்டது. இரண்டு பெண்கள் வழுக்கி விழுந்தார்கள். சல்லடையில் ஈரமாவு அப்பிக்கொண்டு, மோட்டார் கருகல் வாடை அடித்து நின்றுபோனது. கிட்டங்கியில் அடுக்கியிருந்த மூட்டைகளில் அடிவரிசை முழுக்க நனைந்து ஊறிவிட்டது.

முதலாளி போனில் கத்தினார். "தூசியைப் பிடிக்கச் சொன்னா மில்லையே முழுகாட்டி வச்சிருக்கீங்க! இருமுறவய்ங்களை என்ன செஞ்சீங்க?"

அதற்கும் ஆவுடையப்பன் ஒரு வழி வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அறிவித்தார். "இருமல் உள்ளவங்களுக்கு நாளைக்குச் சம்பளத்தோட லீவு. லாரியில திண்டுக்கல் கூட்டிட்டுப் போயி பிரியாணி வாங்கித் தாரோம்."

சாப்பாடு முடிவதற்குள் பத்தொன்பது பேர் இருமினார்கள். மெஷின் நின்றுபோன மில்லில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. சிலர் குனிந்து இருமினார்கள், சிலர் அண்ணாந்து இருமினார்கள். ஒருவன் இருமிக்கொண்டே, "அண்ணே, மட்டனா, சிக்கனா?" என்று கேட்டான்.

ஆவுடையப்பன் வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"இருமு."

இருமினார்கள். முதல் அஞ்சாறு பேர் வரைக்கும் அவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் வித்தியாசம் பிடிபட்டது. பொய்யாக இருமுகிறவன் இருமி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தான். நிஜமாக இருமுகிறவன் யாரையும் பார்க்கவில்லை. மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பி வருகிற வரைக்கும் தரையைப் பார்த்தான். அப்படித் தரையைப் பார்த்தவர்கள் ஏழு பேர். சின்னக்கண்ணு அதில் ஒருவன்.

கடைசியாக வந்தவள் வீரலட்சுமி. அவள் இருமவில்லை.

"இருமு ஆத்தா."

"எதுக்குண்ணே? உங்களுக்குத் தெரியாதா?" என்றவள் அதற்குமேல் அடக்க முடியாமல் இருமினாள். மரத்தைப் பிடிக்கவில்லை. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் அவர் முழங்கால்மேல் அழுந்தியது. பெருமாள்சாமியும் இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்வான்.

"எட்டு" என்று ஆவுடையப்பன் தாளில் திருத்தி எழுதினார். ஒன்பதாவது பேரை எழுதவில்லை. அந்த ஆள், இருமல் வராமலிருக்க இரண்டு நாளாக வாயில் அடக்கிவரும் கிராம்போடு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு எட்டுப் பேரையும் லாரியின் பின்னால் ஏற்றினார். டிரைவர் பிராங்க்ளினிடம், "சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால இந்தப் பக்கம் வண்டி வரக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார். முதலாளி புதுக் காரில் வந்து இறங்கினார். இளநீர், ரோஜாமாலை, முந்திரி எல்லாம் தயாராக இருந்தன. பத்து மணிக்கு வரவேண்டிய ஆபீசரைப் பதினொன்றாகியும் காணோம்.

பதினொன்றேகாலுக்கு ரோட்டுப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. முதலாளி மாலையை எடுத்துக்கொண்டு ஓடினார். வந்தது மில் லாரி. முன்னால் பிராங்க்ளின் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியமனிதர், அவர் பக்கத்தில் காக்கிச்சட்டைக்காரர் ஒருவர். பின்னால் எட்டு இருமல்.

ஆவுடையப்பன் பிராங்க்ளினை ஓரமாக இழுத்தார். "ஏலே, என்னடா செஞ்சு வச்சே?"

"பிரியாணிக்கு நேரம் கெடக்குன்னு வழியில வண்டியை நிப்பாட்டியிருந்தேண்ணே. அங்க வச்சு சாரோட ஜீப்பு நின்னு போச்சு. சார் கையைக் காட்டுனாரு. எங்க போகணும்னேன். வெள்ளைக்கல் மில்லுக்குன்னாரு. நம்ம மில்லுதானேன்னு திருப்பிட்டேன். கவர்மெண்டு ஆளை ரோட்டுல விட்டுட்டா வர முடியும்?"

"அண்ணே, பிரியாணி?" என்று லாரியின் மேலிருந்து சின்னக்கண்ணு வீங்கின வாயோடு கேட்டான்.

ஆபீசர் மாலையை வாங்கிக் காக்கிச்சட்டைக்காரரிடம் கொடுத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார். "சிலிக்கா எவ்வளவு இருக்கும்?"

"இல்லவே இல்ல சார்!" என்றார் முதலாளி. "ஒரு பொட்டு கூடக் கிடையாது. சுத்தமாக் கழுவி விட்டுட்டோம்."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இல்லையா? அப்புறம் எதுக்குய்யா மில் நடத்துறீங்க?"

முதலாளியின் முகம் வெளிறியது. ஆவுடையப்பன் குறுக்கே விழுந்தார். "இருக்கு சார், கொஞ்சம் போல இருக்கு. பல்லுக்கு நல்லது சார். கடிகாரத்துல கூட..."

"தண்ணி ஊத்துனது யாரு? எல்லாம் சொதசொதன்னு கிடக்கு. நான் எப்படிப் பாக்கறது?"

முதலாளி ஆவுடையப்பனைப் பார்த்த பார்வையில் அந்த ஈரம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஆபீசர் கிட்டங்கிக்குள் போனார். காய்ந்த மூட்டை ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, மாவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். பிளாஸ்டிக் பைகளில் அள்ளிப் போட்டுக் கட்டினார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அப்போதுதான் வீரலட்சுமி லாரியிலிருந்து இறங்கி வந்தாள். மஞ்சள் புள்ளி முகமூடியைக் கழற்றிக் கையில் சுருட்டியிருந்தாள். அவள் நடையைப் பார்த்ததுமே முதலாளிக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, தடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஆவுடையப்பன் கிட்டங்கி வாசலில் குறுக்கே நின்றார். "ஆத்தா, இப்ப வேணாம். சொன்னாக் கேளு."

"தள்ளுங்கண்ணே. அவரு செத்தன்னைக்கு நீங்கதான் முன்னால நின்னு எல்லாம் செஞ்சீக. இன்னைக்கும் முன்னால நிக்காதீக."

அவர் நகர்ந்தார். நகர வேண்டும் என்று நினைத்து நகரவில்லை. கால் தானாக நகர்ந்துகொண்டது.

வீரலட்சுமி ஆபீசர் முன்னால் போய் நின்று கும்பிட்டாள். அழவில்லை. பெருமாள்சாமி எத்தனை வருஷம் கல் போட்டான், எப்போது இருமல் வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை கொடுத்தார்கள், கடைசியில் இடுப்பு வேட்டியைக் கட்டக்கூட மூச்சு இல்லாமல் எப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு கிடந்தான் என்று, படித்து வைத்திருந்தவள் மாதிரி வரிசையாகச் சொன்னாள். "அவரு பாத்த வேலையத்தான் நானும் பாக்கேன் சார். எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. எங்களுக்கு என்ன சீக்குன்னு யாராவது ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லணும் சார்."

ஆபீசர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். "ம்... ம்..."

முதலாளி சிரிக்க முயன்றார். "வீட்டுக்காரர் போன துக்கம் சார். கொஞ்சம் புத்தி..."

"புத்தி சரியாத்தான் இருக்கு சார்."

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடையப்பனும்தான் பார்த்தார். அப்புறம்தான் அது தன் குரல் என்று அவருக்கு உறைத்தது. இனிமேல் திரும்ப முடியாது.

"அந்தப் பிள்ளை சொல்றது அம்புட்டும் நெசம் சார். இருமுற எட்டுப் பேரை இன்னைக்கு ஒளிச்சு வச்சது நாந்தான். இதுகளுக்கு என்ன சீக்குன்னு மூணு நாளாத் தெரிஞ்சும் வாயைத் தொறக்காம இருந்ததும் நாந்தான். எட்டு இல்ல சார், ஒம்பது. எனக்கும்..."

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மூன்று நாளாகக் கிராம்பு வைத்து அடைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார். தரையைப் பார்த்துக்கொண்டு இருமினார். வீரலட்சுமி முதுகைத் தடவிவிட்டாள்.

ஆபீசர் ஒரு வரி எழுதி, கீழே கோடு போட்டு, நோட்டை மூடினார். "சரிம்மா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இளநீர் குடிக்கப் போனார்.

முதலாளி ஆவுடையப்பனின் தோளில் கை போட்டு, சுவர் ஓரமாகக் கூட்டிப்போனார். குரலை உயர்த்தவில்லை. "நாளையிலருந்து வர வேணாம்ணே. அந்தப் பொம்பளையும் வர வேணாம்."

"சரி மொதலாளி."

பத்தொன்பது வருஷம். பெரிய இடி ஒன்று விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. பாரம் இறக்கின மாட்டுக்குக் கழுத்து எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருந்தது. போகட்டும், சமாளித்துக்கொள்ளலாம்.

வேப்பமரத்தடியில் ஆட்கள் வீரலட்சுமியைச் சுற்றி நின்றார்கள். பொய்யாக இருமியவர்களும் நின்றார்கள்.

"எழுதிக்கிட்டாரு, பாத்தேன்" என்றான் சின்னக்கண்ணு. "பென்சில்ல இல்ல, பேனாவுல எழுதுனாரு. பேனாவுல எழுதுனா அழிக்க முடியாது."

"கோடு வேற போட்டாரு" என்றாள் ஒருத்தி.

வீரலட்சுமி முகமூடித் துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பெருமாள்சாமி செத்த பிறகு அவள் முகம் இவ்வளவு அமைதியாக இருந்து ஆவுடையப்பன் பார்த்ததில்லை.

காக்கிச்சட்டைக்காரர் மாவுப் பைகளை லாரியின் முன்பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தார். ஜீப் டிரைவர், பெயர் ஞானதாஸ். ஆபீசரின் நோட்டும் பைகளின் மேல் இருந்தது. ஆவுடையப்பன் அவரிடம் போனார்.

"தம்பி, செத்த நேரம். சார் ரிப்போர்ட்டு மேல போக எத்தனை நாளாகும்?"

"ஒரு வாரம் ஆகும்ணே."

"அந்தப் பிள்ளை சொன்னதை அம்புட்டையும் எழுதிட்டாரான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க தம்பி. எனக்கு இங்கிலீசு வராது. பெருமாள்சாமிங்கற பேரு அதுல இருக்கா? அது ஒண்ணு இருந்தாப் போதும்."

ஞானதாஸ் நோட்டைப் பிரித்தார். எழுத்துக்கூட்டி வாசித்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வேறு எங்காவது இருக்குமோ என்று முன்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆவுடையப்பன் முகத்தைப் பார்க்காமல் நோட்டை மூடி வைத்தார்.

"மாவுல ஈரம் ஜாஸ்தி, நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சிலிக்கா தேறும், கண்ணாடி செய்ய ஒசந்த கல்லுன்னு எழுதிக் கோடு போட்டுருக்காருண்ணே. நாங்க கல்லைப் பாக்குற ஆபீசு. ஆளைப் பாக்குற ஆபீசு வேறண்ணே, அங்க இன்னும் ஆளு போடல."